சப்பாணி முதல் ஆய்வுக்கூடம் வரை: குழந்தையின் இசை விளையாட்டும் அறிவு வளர்ச்சியும்

எழுத்தறியாத தாயும் தன் குழந்தைக்கு முதல் ஆசிரியை ஆகிறாள். அவள் நடத்தும் பாடத்தில் ஏடு இல்லை, பலகை இல்லை. மடியே பள்ளி, பாட்டே பாடம். குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துத் தட்டுகிறாள். தோளைப் பிடித்து முன்னும் பின்னும் சாய்க்கிறாள். நிலவைக் காட்டி அழைக்கிறாள். இவற்றையெல்லாம் அழுகையை மாற்றும் உபாயம் என்று கருதி நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். ஆயின், கடந்த இருநூறு ஆண்டுகளில் கல்வியாளரும் உளவியலாரும் இச்சிறு செயல்களுக்குள் அறிவு வளர்ச்சியின் வித்து உண்டா என்று ஆராயத் தலைப்பட்டனர். அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும், அதற்கு நெடுங்காலம் முன்னரே குழந்தைப் பருவங்களைப் பெயரிட்டுப் பாடிய தமிழ் மரபையும் ஒருசேர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இசை கேட்டால் குழந்தை மேதையாகும் என்னும் விளம்பரக் குரல் ஓங்கி ஒலிக்கும் இந்நாளில், மெய் எது, மிகை எது எனப் பிரித்தறிவது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இன்றியமையாததாகும்.

பத்துப் பருவங்கள்

குழந்தையை மையமாகக் கொண்டு பாடும் வழக்கத்திற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலே இடம் தருகிறது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அம்புலி எனப் பல நிலைகளில் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், இவ்வகையில் நமக்குக் கிடைக்கும் முதல் முழுநூல் ஆகும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டற்கும் பொது. பின் மூன்றும் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன எனவும் வேறுபடும்.

இப்பருவங்களை ஊன்றிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பத்தில் பெரும்பாலானவை உடலசைவும் ஓசையும் கூடிய விளையாட்டுகளே. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுதல். தால் என்பது தாயின் நாவசைவு எழுப்பும் ஒலிக்குக் குழந்தை கண்ணயர்தல். சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல். சிறுபறை என்பது கோலெடுத்துப் பறை முழக்குதல். கேட்பதில் தொடங்கி, தானே அசைந்து, பின் தானே ஒலி எழுப்பும் நிலைக்குக் குழந்தை வளரும் வரிசை இதில் அமைந்துள்ளது.

பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு மாதக் கணக்கும் கூறும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டெனினும், செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும் வைப்பது பெருவழக்கு. இன்றைய குழந்தை மருத்துவமும் கைகொட்டும் திறன் ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்திற்கும் ஓராண்டு நிறைவுக்கும் இடையில் கைகூடும் என்றே கூறுகிறது. இதனால் நம் முன்னோர் மூளை நூல் கற்றிருந்தனர் என்று முழங்குவது பொருந்தாது. புலவர் குழந்தையைக் கூர்ந்து பார்த்தனர், பார்த்ததைப் பெயரிட்டனர். அறிவியலின் முதற்படியும் கூர்ந்து பார்த்தலே என்ற அளவில் நாம் பெருமை கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட பெருமை நமக்குத் தேவையும் இல்லை.

புலவர்க்கு முன் பாடியவர்கள்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவரின் பெயர்கள் நமக்குத் தெரியும். அப்புலவர்க்கு மூலம் தந்த தாய்மார், பாட்டிமார், செவிலியர் ஆகியோரின் பெயர்கள் தெரியா. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்னும் விளையாட்டுப் பாடல்கள் இடம்பெறுகின்றன. மணிவாசகரும் திருவாசகத்தில் அம்மானை, சாழல், பூவல்லி, தெள்ளேணம், பொன்னூசல் எனப் பெண்கள் ஆடிப் பாடும் வடிவங்களையே தம் பத்திக்குக் கருவியாக்கிக் கொண்டார். பெண்கள் முற்றத்தில் விளையாடிப் பாடிய மெட்டுகளே இலக்கியத்திற்கு ஏறின என்பதற்கு இவை போதிய சான்றாகும். பிற்காலத்தில் நா. வானமாமலை முதலிய அறிஞர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தபோதுதான், எழுதப்படாத இச்செல்வத்தின் ஒரு பகுதியேனும் அச்சேறியது.

பருப்புக் கடையும் விளையாட்டை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பெரியவர் தம் முழங்கையால் குழந்தையின் உள்ளங்கையில் கடைகிறார். பின், விரலுக்கு ஒருவராக அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, பாப்பா எனப் பங்கிட்டு ஒவ்வொரு விரலாக மடக்குகிறார். முடிவில் நண்டு ஊர்வது போல் விரல்களை மணிக்கட்டிலிருந்து மேலே ஊரச் செய்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார். இரண்டே நிமிட விளையாட்டு இது. ஆயினும் இதனுள் ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் எண்ணறிவு உண்டு. உறவுமுறைச் சொற்கள் உண்டு. பங்கிட்டு உண்ணும் பண்பு உண்டு. எல்லாவற்றினும் மேலாக, அடுத்து வரப்போவதை முன்கூட்டி எதிர்பார்க்கும் பயிற்சி உண்டு. இரண்டாம் முறை ஆடும்போது, விரல்கள் முழங்கையைத் தாண்டும் முன்னரே குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. நினைவும் எதிர்பார்ப்பும் கைகோத்த அறிவுச் செயல் அச்சிரிப்பு. தாளத்தின் அடிப்படையும் அதுவே. அடுத்த அடி எப்போது விழும் என்று அறிந்து காத்திருத்தலே தாளம்.

தாயை இழந்தவர் தொகுத்த தாய்ப்பாட்டு

இத்தகைய மடி விளையாட்டுகளைக் கல்வி என்று துணிந்து கூறி, அவற்றை முறையாகத் தொகுத்த முன்னோடி செருமானியரான பிரீட்ரிக் புரோபெல் ஆவார். 1782இல் பிறந்த அவர், ஓராண்டு நிறையும் முன்னரே தாயை இழந்தவர். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். 1844இல் தாய்மார்க்கென அவர் வெளியிட்ட நூலில் கைவிரல் விளையாட்டுகளும் பாடல்களும் படங்களும் இசைக்குறிப்புகளும் ஒருங்கே அமைந்தன. நாட்டுப்புறத் தாய்மார் தம் பிள்ளைகளோடு ஆடுவதை நேரிற்கண்டு அவர் பலவற்றைத் திரட்டினார். கைதட்டி அப்பம் செய்வதாக நடிக்கும் விளையாட்டும் அதில் உண்டு. நம் சப்பாணிக்கு அது தூரத்து உறவு எனலாம்.

தாய் இயல்பாகச் செய்வதை அறிந்து செய்தால், விளையாட்டே கல்வியாகும் என்பது புரோபெலின் கொள்கை. ஆட்சியாளர்க்கு இக்கொள்கை ஐயம் விளைத்தது. 1851இல் பிரசிய அரசு, நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவன என்று குற்றஞ்சாட்டிக் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. மறுஆண்டே புரோபெல் மறைந்தார். 1860இல் தடை நீங்கியதை அவர் காணவில்லை. குழந்தைகள் வட்டமாக நின்று பாடிக் கைதட்டியதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அடித்துப் புகட்டாமல் ஆடிக் கற்பிக்கலாம் என்பது அந்நாளில் அத்துணைப் புதுமையாக இருந்தது.

அடையாற்றில் ஒலித்த மணிகள்

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மருத்துவம் பயின்ற அவர், புலன்களின் வழியே அறிவு மலர்கிறது என்று கொண்டார். அவருடைய துணைவராக விளங்கிய அன்னா மரியா மக்கெரோனி அம்மையார் இசைமணிகளை உருவாக்கினார். அம்மணிகள் அளவிலும் வடிவிலும் ஒன்றுபோல் இருக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே வேறுபடும். ஆகவே கண்ணால் பார்த்து அறிய இயலாது. காதால் கேட்டே இணை சேர்த்தல் வேண்டும். ஒத்த ஒலிகளை இணைத்தபின் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை வரிசைப்படுத்த வேண்டும். ஒப்பிடுதல், வேறுபடுத்துதல், நிரல்படுத்துதல் ஆகிய மூன்றும் அறிவின் அடிப்படைத் தொழில்கள். அவற்றை இசை விளையாட்டாகக் குழந்தையின் கையில் கொடுத்தது இம்முறை.

இவ்வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முதற் பயிற்சி வகுப்பிலேயே ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். சில திங்கள்கள் தங்குவதற்கு வந்தவரை உலகப்போர் தடுத்து நிறுத்தியது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்திற்கும் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். அடையாற்றிலும் கோடைக்கானலிலுமாக அவர்தம் பணி தொடர்ந்தது. 1946இல் அவர் ஐரோப்பா திரும்பும் முன் இந்தியாவெங்கும் ஆயிரக்கணக்கில் ஆசிரியர் உருவாகினர். எனினும் அம்முறை நம் நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்ல குடும்பங்களையே சென்றடைந்தது. உரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தோன்றியது இங்கு வசதியுடையோரின் அடையாளமாயிற்று. இது வருந்தத்தக்க முரண்.

தாய்மொழியே இசையின் வாயில்

இசை விளையாட்டுக்கும் தாய்மொழிக்கும் உள்ள உறவை வலியுறுத்தியவர் அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882-1967). அவர் 1905 முதல் சிற்றூர்தோறும் அலைந்து நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். பேலா பார்டோக் அப்பணியில் அவருடன் இணைந்தார். குழந்தை முதலில் கற்க வேண்டியது இசைக்கருவியன்று, தன் குரலே. பாட வேண்டியது அயல்நாட்டுப் பாட்டன்று, தன் தாய்மொழியின் எளிய விளையாட்டுப் பாட்டே என்பது அவர் முடிபு. 1950இல் அவர் பிறந்த கெச்கெமேட் நகரில், நாள்தோறும் பாட்டைப் பாடமாகக் கொண்ட தொடக்கப் பள்ளி உருவாயிற்று. பின்னர் அந்நாடெங்கும் அத்தகைய பள்ளிகள் பெருகின. குழந்தையின் இசைக் கல்வி எப்போது தொடங்க வேண்டும் என்ற வினாவுக்கு, பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே என்று கூறிய அவர், பின்னர் அதனையும் திருத்தி, அதன் தாய் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே என்று விடையளித்ததாகச் சொல்வர். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் செல்வம் அது என்பதே அவ்விடையின் உட்பொருள்.

மொசார்ட் மயக்கம்

1993இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் ஒரு பக்க அளவிலான கட்டுரை ஒன்று வெளிவந்தது. ராஷர், ஷா, கை என்னும் மூவர் அதனை எழுதினர். 36 கல்லூரி மாணவர் மொசார்ட்டின் இரு பியானோ இசைப்படைப்பைப் பத்து நிமிடம் கேட்டனர். பின்பு, இடவுணர்வு சார்ந்த சோதனையில் அவர்களின் மதிப்பெண் எட்டு, ஒன்பது புள்ளி அளவில் உயர்ந்தது. அவ்வுயர்வு பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் நிலைக்கவில்லை. ஆய்வில் ஒரு குழந்தைகூடப் பங்கு பெறவில்லை. ஆயினும் ‘மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும்’ என்ற செய்தி உலகெங்கும் பரவியது. வணிகர் ஒலிநாடாக்களையும் குறுந்தகடுகளையும் விற்றுப் பொருளீட்டினர். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைக் குறுந்தகடு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். மறுஆண்டே, பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த சாப்ரிஸ் என்பார், அவ்விளைவு மிகச் சிறியது என்றும், கேட்போரின் தற்காலிகக் கிளர்ச்சியே அதற்குக் காரணமாகலாம் என்றும் காட்டினார்.

இசை கேட்பது வேறு. இசை பயில்வது வேறு. பயிற்சியால் பொது அறிவுத்திறன் உயருமா? 2004இல் ஷெல்லன்பர்க் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைப் பகுத்து, சிலர்க்கு இசையும் சிலர்க்கு நாடகமும் ஓராண்டு கற்பித்து ஆராய்ந்தார். எல்லாக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பும் உயர்ந்தது. இசை பயின்றோரிடம் அது ஏறத்தாழ மூன்று புள்ளி கூடுதலாக இருந்தது. 2013இல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் மேரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு உறுதியான பயன் எதையும் காட்டவில்லை. 2020இல் சாலா, கோபெட் இருவரும் 54 ஆய்வுகளைத் தொகுத்தனர். செப்பமாக அமைந்த ஆய்வுகளில் பொது அறிவுத்திறனுக்கு விளையும் பயன் இல்லையென்றே சொல்லத்தக்கது என்று முடிவு கண்டனர். எனவே, இசையால் குழந்தை கணக்கில் நூறு வாங்கும் என்று எவரேனும் உறுதி கூறின், அது விற்பனைக் கூற்று எனத் தள்ளுக.

ஆய்வுக்கூடம் மெய்ப்பித்தவை

அவ்வாறாயின், தாயின் சப்பாணியும் வீண்தானா? அன்று. மிகையை விலக்கியபின் எஞ்சி நிற்கும் உண்மைகள் சில உள்ளன. அவை விளம்பரத்தினும் ஆழமானவை.

2005இல் கனடாவில் பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் இருவரும் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமில்லாத தாள ஒலி ஒன்றைக் கேட்கச் செய்தனர். அவ்வொலிக்குச் சில குழந்தைகளை இரண்டாம் அடிதோறும், சில குழந்தைகளை மூன்றாம் அடிதோறும் மெல்லத் துள்ளச் செய்தனர். பின்பு, தாம் துள்ளிய கணக்கில் அழுத்தம் விழும் ஓசையையே அக்குழந்தைகள் விரும்பிக் கேட்டன. காது கேட்ட ஒலி ஒன்றே. அதனை இரட்டையாகவோ மும்மையாகவோ பகுத்து உணர்த்தியது உடலே. பிறர் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் இவ்வேறுபாடு தோன்றவில்லை. பார்த்தல் ஆடுதலுக்கு ஈடாகாது என்னும் இம்முடிவு, திரை முன் அமர்த்தப்படும் குழந்தைகளின் காலத்தில் நாம் மனத்தில் இருத்த வேண்டியதாகும்.

2016இல் அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜாவ், கூல் என்னும் இரு பெண் அறிஞர் 39 குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒரு சாரார் பெற்றோரோடு மும்மைத் தாள இசைக்குத் தட்டியும் அசைந்தும் விளையாடினர்; மறுசாரார் இசையின்றிப் பொம்மைகளோடு விளையாடினர். கால்மணி நேரம் வீதம் ஒரு மாதத்தில் 12 அமர்வுகள். பின்னர், இசையிலும் பேச்சொலியிலும் ஒழுங்கு திடீரெனப் பிறழும்போது, இசையோடு ஆடிய குழந்தைகளின் மூளை அதனைத் தெளிவாக உணர்ந்து எதிர்வினை காட்டியது. அக்குழந்தைகளின் வயது ஒன்பது மாதம். நம் பாட்டியலார் சப்பாணிக்குக் குறித்த அதே மாதம். இது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் இலக்கியம் பயின்றவர்க்கு இப்பொருத்தம் ஓர் இன்ப வியப்பு.

எழுத்தறிவோடும் இதற்கு உறவுண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிரயண்ட், பிராட்லி முதலியோர் 64 குழந்தைகளை மூன்று வயது முதல் ஆறு வயது வரை தொடர்ந்து நோக்கினர். மூன்று வயதில் குழந்தைப் பாடல்களை நன்கறிந்தவர், பின்னர் ஒலி ஒற்றுமையை எளிதில் உணர்ந்தனர். படிக்கவும் எளிதில் கற்றனர். 1989இல் இம்முடிவு வெளியாயிற்று. முதலெழுத்து ஒன்றுவது மோனை, இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்குத் தந்த பாடல்களில் இவ்விரண்டும் நிறைந்துள்ளன. எழுத்தைக் கண்ணால் காணும் முன்னரே அதனைக் காதால் பிரித்தறியக் கற்பிக்கும் பாடங்கள் அவை.

இணக்கமும் இதன் பயனே. 2010இல் கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் செருமனியில் நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராக விளையாடச் செய்தனர். சேர்ந்து பாடி ஆடிய இணையர், பாட்டின்றி விளையாடிய இணையரைவிட ஒருவர்க்கொருவர் மிகுதியாக உதவினர். 2014இல் டிரெய்னர் குழுவினர், தம்மோடு ஒத்த தாளத்தில் துள்ளிய பெரியவர் பொருளைத் தவறவிட்டபோது, பதினான்கு மாதக் குழந்தைகள் விரைந்து எடுத்துக் கொடுத்ததைக் கண்டனர். ஒத்து அசைந்தவரை உற்றவராகக் கருதும் மனம் நடைபழகும் பருவத்திலேயே அமைந்துவிடுகிறது.

நாம் செய்யத்தக்கன

இவ்வரலாறு காட்டும் நெறி தெளிவானது. குழந்தைக்குப் பயன் தருவது விலைக்கு வாங்கிய இசையன்று. உடன் இருப்பவர் கைபிடித்து ஆடும் இசை. அதற்கு நல்ல குரல் வேண்டா. இராகம் அறிந்திருக்க வேண்டா. ஆனால் நேரம் வேண்டும். பாட்டு நினைவில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் குறைந்து வருகின்றன என்பதே இன்றைய கவலை. பாட்டி ஓரிடம், பேரன் ஓரிடம் எனக் குடும்பம் பிரிந்தது; பணிக்குச் செல்லும் தாய்க்கு ஓய்வில்லை; அழும் குழந்தையின் கையில் கைப்பேசி அமர்கிறது. தாயைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாயிடம் மட்டும் இப்பொறுப்பை விட்டுவிட்ட சமுதாயமே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். தந்தையின் மடியும் மடியே. தாத்தாவின் கையும் சப்பாணி கொட்டும்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிகளைச் சிற்றூர்தோறும் கொண்டுவந்தது. குறைந்த ஊதியத்தில் பணிபுரியும் அங்கன்வாடிப் பணியாளரே இன்று பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகின்றனர். அவர்களின் வேலையைக் குழந்தை பார்த்துக்கொள்ளுதல் என்று சுருக்காமல், ஆசிரியப் பணி என மதித்தல் வேண்டும். எழுத்தும் எண்ணும் விரைவாகப் புகட்டுமாறு பெற்றோர் அவர்களை நெருக்குவதும் குறைதல் வேண்டும்.

இலக்கிய அன்பர்க்கும் இதில் கடமை உண்டு. பத்தாண்டுகள் கூடிப் பேசி நூல்களைச் சுவைத்த நம் வட்டம், பத்துப் பருவம் கண்ட பிள்ளை போலத் தேரேறும் வயதை எட்டியுள்ளது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடமிருந்து ஒரு மடி விளையாட்டைப் பாட்டோடும் கையசைவோடும் கேட்டு எழுதித் தருவாராயின், அடுத்த மலருக்கு அதனினும் சிறந்த பொருள் கிடையாது. எழுதுவதோடு நில்லாமல், அதனைத் தெருவிலுள்ள ஒரு குழந்தையோடு ஆடியும் பார்த்தல் வேண்டும். ஏட்டில் ஏறிய சப்பாணி இலக்கியம். கையில் ஒலிக்கும் சப்பாணியே வாழ்வு.